கோல்கீப்பரின் பத்து விரல்கள்

நான் பிழைத்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்பத்திரிக் கதை என்றதும் சிலர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படிக்க உட்காருவார்கள். அவர்கள் நிமிர்ந்து உட்காரலாம். இதை நானேதான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், பத்து விரலாலும்! ஒன்பது மாதத்துக்கு முன்னால் இதே விரல்களால் ஒரு சட்டைப் பொத்தானைக்கூட மாட்ட முடியவில்லை. கை கால் மரத்துப்போய்க் கட்டிலில் கிடப்பவர்களும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் படித்தால் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் இன்னாசி. ஊர் தேனிப் பக்கம் ராயப்பன்பட்டி. வயது முப்பத்திரண்டு. தொழில், கோல்கீப்பர். பெண் கேட்டுக் கூடலூருக்குப் போனபோது, "அது சரி, வேலை என்ன பாக்குறாப்ல?" என்று கேட்டார்கள். அதுதான் வேலை என்று புரியவைக்க என் அண்ணன் லூர்துவுக்கு இரண்டு காபி குடிக்கிற நேரம் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் மற்றவர்களைவிட உயரமாக இருந்த ஒரே காரணத்துக்காக என்னைக் கோல் கம்பத்துக்கு நடுவில் தள்ளிவிட்டார்கள். அங்கே நின்றவன் நின்றவன்தான். மதுரையில் கல்லூரி அணி, சென்னையில் இரண்டு லீக் அணிகள், அப்புறம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஒரு தொழில்முறை அணி. அங்கே ஏழு வருடம். அதில் கடைசி மூன்று வருடம் நான்தான் முதல் கீப்பர்.

இந்த முதல் கீப்பர் சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் என் முட்டாள்தனம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு அணியில் நாலு முன்கள ஆட்டக்காரர்கள் இருந்தால் இரண்டு பேராவது ஆடுவார்கள், ஒருவன் மாற்றாக இறங்குவான். கோல்கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். இரண்டாம் கீப்பர் வருடம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து, முதல் கீப்பர் எப்போது வழுக்கி விழுவான் என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் பயிற்சி முழுக்க அந்த இரண்டு பேரும்தான் ஜோடி. மற்றவர்கள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் மைதானத்தின் மூலையில் நாளெல்லாம் ஒருவர் கைக்கு ஒருவர் பந்து அடித்துக்கொண்டிருப்போம். என் ஜோடி ஷிபு. இருபத்துமூன்று வயது மலையாளப் பையன், பூனை மாதிரி பாய்வான். என்னை வாய் நிறைய சேட்டா, அதாவது அண்ணா, என்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். அவனைப் பார்த்துப் பயமும் உண்டு. அதனால் என் உடம்பில் எது வலித்தாலும் அவனிடம் மூச்சு விட மாட்டேன்.

சீசன் முடியும் தறுவாயில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்து ஒரு காலையில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. நாங்கள் விரல் மூட்டுகளில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டுதான் கையுறை மாட்டுவோம். இறுக்கிச் சுற்றிவிட்டேன்போல என்று நினைத்துத் தளர்த்திச் சுற்றினேன். மறுநாள் பாதத்திலும் எறும்பு. காலணிக் கயிற்றைத் தளர்த்தினேன். அதற்கு மறுநாள் பந்து கையில் விழுகிற உணர்ச்சியே மங்கலாக இருந்தது. கையுறை தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்து புதுக் கையுறை வாங்கினேன்! வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். கோல்கீப்பர் புத்தி, கடைக்குத்தான் போனது.

சீசனின் கடைசி ஆட்டத்தில், நேராக நெஞ்சுக்கு வந்த ஒரு சாதாரணப் பந்து, என் கைக்குள் வந்து, கால் இடுக்கு வழியாகக் கோலுக்குள் உருண்டு போனது. மழை ஈரம் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் பாக்கி இருந்தது, அதனால் யாரும் பெரிதாகத் திட்டவில்லை. மறுநாள் குமுளி வழியாக ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ஊரில் திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் பந்தலுக்குக் கீழே கத்திரிக்கோலை என் கையில் கொடுத்தான். முதல் கொத்தை வெட்டுவதற்குள் கத்திரிக்கோல் மூன்று தடவை கீழே விழுந்தது.

"ஏலே, ஊரான் பந்தையெல்லாம் பிடிக்கிற, ஒரு கத்திரிக்கோலப் பிடிக்க முடியலையா?" என்று அண்ணன் சிரித்தான்.

நானும் சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்தேன். குனிந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் வேறு யாருடையதோபோல இருந்தன. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். ஆறடி மூன்றங்குலம் ஆள் நான். அப்படியே அவன் மேல் சரிந்தேன். கொத்து ஏற்ற நின்றிருந்த மினி லாரியிலேயே என்னைப் போட்டுத் தேனிக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் திராட்சைப் பெட்டிகள், முன்னால் நான், நடுவில் என்னை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் மனைவி ஜெசி.

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் மாடியிலிருந்து விழுந்தவர், பாம்பு கடித்தவர் என்று அவசரக்காரர்கள் இருந்தார்கள். காத்திருந்த வரிசையில் ஒருத்தர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி பாக்க நல்லாத்தான இருக்கீக, யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

நரம்பியல் டாக்டர் ஒரு அம்மா. குட்டையான உருவம், பேச்சில் துளி நீட்டல் கிடையாது. ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். எல்லோருக்கும் கால் துள்ளும். என் கால் அந்தச் சுத்தியலைக் கண்டுகொள்ளவே இல்லை. மணிக்கட்டில் தட்டினார். அதுவும் சும்மா இருந்தது. வயிற்றுப்போக்கு எப்போது வந்தது என்று கேட்டார். நாங்கள் அதைச் சொல்லவே இல்லையே, இவருக்கு எப்படித் தெரியும் என்பதுபோல ஜெசி என்னைப் பார்த்தாள்.

அடுத்த இரண்டு நாளில் இரண்டு சோதனைகள். ஒன்று, நரம்பில் சின்னச் சின்னதாகக் கரண்டு கொடுத்து அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. சுளீர் என்று இருக்கும், தாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, ஒருக்களித்துச் சுருண்டு படுக்க வைத்து, இடுப்புக்கு மேலே முதுகெலும்புக்கு நடுவில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுப்பது. கேட்கத்தான் பயம். என்னைச் சுருட்டி மடக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இரண்டும் முடிந்ததும் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: கில்லன் பாரே சிண்ட்ரோம்.

"வயித்துல வந்த கிருமிய எதிர்க்க உங்க உடம்பு ஆள் அனுப்புச்சு. அந்த ஆளுங்க கிருமிய முடிச்சுட்டு, தப்பா உங்க நரம்பையே அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நரம்பு மேல ஒரு உறை இருக்கும், ஒயருக்கு இருக்கிற மாதிரி. அது உரிஞ்சுபோனா மூளை சொல்றது கைக்கும் காலுக்கும் போய்ச் சேராது" என்றார்.

"சேம் சைடு கோல்" என்றேன்.

"ஆமா. சரியாச் சொன்னீங்க."

"மறுபடி கோல்கீப்பரா நிக்க முடியுமா டாக்டர்?"

"நடப்பீங்க. அதுல எனக்குச் சந்தேகமில்ல. கை, விரல் நுனி எல்லாம் கடைசியாத்தான் திரும்பும். எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. அத விடுங்க, இப்ப எனக்கு உங்க கை முக்கியமில்ல. மூச்சுதான் முக்கியம்."

நடப்பீங்க என்றபோது ஜெசி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. நடந்து நான் எங்கே போக? இருபது வருடமாக இந்தக் கைகள்தான் நான். அதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை; சொன்னால் நன்றி கெட்டவன் என்பார்கள்.

மரமரப்பு கால் கையிலிருந்து மேலே ஏறி நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நின்றுவிடும். அதனால் என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, நோயை அடக்கும் மருந்தை ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்து எடுக்கிற மருந்து. விலை அதற்குத் தக்கபடி. அதுவும் உடம்பு எடைக்கு ஏற்றபடி பாட்டில் கணக்கு. "உன்னயத் தீனி போட்டு வளத்தது தப்பாப்போச்சுடா" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். கிளப் பாதி கொடுத்தது. மீதியை எப்படிப் புரட்டினான் என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. கேட்டால், "பந்து விளையாடுறவன் பந்தப் பத்திக் கேளு" என்கிறான்.

இப்போது அந்த எண்ணிக்கை விளையாட்டைச் சொல்லியாக வேண்டும். என் வாழ்க்கையிலேயே பரபரப்பான ஆட்டம் அதுதான்! மூச்சு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, இன்னொரு மூச்சு வாங்காமல், ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். எதுவரை போகிறோமோ அதுதான் அளவு. பத்துக்குக் கீழே போனால் தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் போட்டுவிடுவார்கள். தொண்ணூறு நிமிடம் விடாமல் கத்துவதுதான் கோல்கீப்பரின் பாதி வேலை, அதனால் நுரையீரல் எனக்கு நல்ல கனம். முதல் நாள் காலை நாற்பத்தொன்று வரை போனேன். நர்ஸ் சிஸ்டர் பாராட்டினார். மத்தியானம் முப்பத்துமூன்று. சாயங்காலம் இருபத்துநாலு. மறுநாள் காலை பதினேழு.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிஸ்டர் வரும்போதெல்லாம், பெனால்டிக்கு நிற்கிற மாதிரி உடம்பெல்லாம் தயாராகிவிடும். பதினைந்து. பதின்மூன்று. அடுத்த தடவை நான் ஒரு தந்திரம் செய்தேன். வேக வேகமாக எண்ணிப் பத்தொன்பது வரை போய்விட்டேன். சிஸ்டர் அதை எழுதப் போனார்.

"எழுதாதீக சிஸ்டர். இவரு கள்ளாட்டம் ஆடுறாரு. வேகமா எண்ணுறாரு" என்றாள் ஜெசி.

அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு! கட்டிய மனைவியே எதிரணிக்கு நடுவராகப் போய்விட்டாள்! சிஸ்டர் கட்டில் கம்பியில் விரலால் தாளம் தட்டி, அந்தத் தாளத்துக்கு எண்ணச் சொன்னார். பதினொன்று.

ஜெசி என் பக்கம் குனிந்தாள். "பொய்யா எண்ணுனா மெஷினு லேட்டா வரும், அம்புட்டுதான். உங்களுக்குத்தான் எதையும் மறைக்காம இருக்கவே தெரியாதுல்ல?" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் ஆடவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கழுத்து அந்த அளவுக்கு வேலை செய்தது.

மூன்றாம் நாள் முழுக்கப் பதினொன்றிலேயே நின்றது. தொண்டைக் குழாயைப் பிரிக்காத உறையோடு என் கண் எதிரே டிராலியில் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் காலையில் பதினொன்று. பத்து மணிக்குப் பன்னிரண்டு. மத்தியானம் பதினான்கு! தாளத்துக்கு எண்ணிய நேர்மையான பதினான்கு! பக்கத்துக் கட்டில்காரரின் மகன் கைதட்டினான், சிஸ்டர் "ஷ்" என்று அதட்டிவிட்டு அவரே சிரித்தார். டிராலியை வெளியே தள்ளிக்கொண்டு போனபோது அதன் சக்கரம் போட்ட கிரீச் சத்தத்தைப்போல் ஒரு இனிமையை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு சாதாரண வார்டு. தோள் வந்தது, தொடை வந்தது. யாராவது பிடித்துக்கொண்டால் உட்கார முடிந்தது. விரல்கள் மட்டும் அப்படியே கிடந்தன. பிசியோதெரபிப் பெண் மாவு உருண்டை கொடுத்துப் பிசையச் சொன்னார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொண்டுவந்தான். கொத்திலிருந்து ஒவ்வொரு பழமாக, நசுக்காமல் பறிக்க வேண்டும் என்பது அவன் வைத்த பரீட்சை. முதல் நாள் ஒரு பழம்கூடத் தப்பவில்லை. போர்வை, தலையணை எல்லாம் கருநீலம். துப்புரவு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இங்கன என்ன ஒயின் காய்ச்சுறீகளா?" என்று கேட்டார். நாலாம் நாள் ஒரே ஒரு பழம் முழுசாக வந்தது. அதை ஜெசி சாப்பிடவில்லை, கைப்பையில் போட்டு வைத்துக்கொண்டாள்.

இருபதாம் நாளோ என்னவோ, ஷிபு வந்து நின்றான். குமுளி வந்து, அங்கிருந்து கம்பம், கம்பத்திலிருந்து தேனி என்று மூன்று பஸ் மாறி வந்திருந்தான். நின்ற இடத்தைவிட்டு நகராமல், என் கையையே பார்த்தான்.

"சேட்டா, நான் கண்டு" என்றான்.

"எதைடா பாத்த?"

"பிராக்டீஸ்ல. மூணு நாளு. நீங்க விரல்ல பிடிக்காம, நெஞ்சுல அணைச்சுப் பிடிச்சு. நான் மெல்ல எறிஞ்ச பந்தும் நழுவிப் போச்சு. என்னமோ சரியில்லன்னு எனக்கு மட்டும் தெரியும். நான் பறஞ்சில்ல. யார்கிட்டயும் சொல்லல." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்கு அந்த இடம் வேணும்னு இருந்துச்சு."

நான் பேசுவதற்குள் ஜெசி எழுந்துவிட்டாள். கூடலூர்க்காரி, அவள் அப்பா எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுபவர், மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்று நிமிடம் மூச்சு விடாமல் மலையாளத்திலேயே திட்டினாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

எனக்கும் எழுந்து அவனை ஓர் அறை விட வேண்டும் என்றுதான் இருந்தது. அறைவதற்குக் கை இல்லை. அந்தக் கட்டாய ஓய்வில்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. இவன் வயதில் சென்னையில் நானும் இரண்டாம் கீப்பர். எங்கள் முதல் கீப்பருக்குத் தோள் பிசகியபோது, சீக்கிரம் குணமாகட்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, குணமாகக் கூடாது என்று ஜெபமாலை உருட்டினேன். அதை நான் இன்றுவரை பாதிரியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. இவன் மூன்று பஸ் மாறி வந்து சொல்கிறான்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் இல்லேன்னுதான் சாதிச்சிருப்பேன்டா. எனக்கும் அந்த இடம் வேணும்னுதான் மறைச்சேன்" என்றேன். "சரி, அந்த மாவு உருண்டைய எடு. எறி."

எறிந்தான். என் மூக்கில் பட்டு மடியில் விழுந்தது. மறுபடி எறிந்தான். அன்று சாயங்காலம் வரைக்கும் எறிந்தான். லாட்ஜில் தங்கி நாலு நாள் இருந்தான். கடைசி நாளில், ஸ்பாஞ்ச் பந்து ஒன்று இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சிக்கி நின்றது. விரல் மடங்கவில்லை, இருந்தாலும் நின்றது! ஜெசி அவனுக்கு முதன்முதலாக ஒரு டம்ளர் டீ வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வாக்கரோடு வந்தேன். ஆறாவது மாதம் ஊர் மைதானத்தில் மெல்ல ஓடினேன். புது சீசன் நான் தேறுவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது; ஷிபுதான் முதல் கீப்பர், பிரமாதமாக ஆடினான். பொங்கல் கழிந்து ஆட்டக்காரர்களின் பெயரை மறுபடி பதிவு செய்யும்போது, தேறினால் சேர்த்துக்கொள்கிறோம், இல்லையென்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று கிளப்பில் சொன்னார்கள்.

போனேன். ஓட்டத்தில் தேறினேன், கைப்பிடிப் பலத்தில் மயிரிழையில் தேறினேன். கோச்சிடம் இந்தத் தடவை நானே சொன்னேன், "பலம் வந்துருச்சு சார், ஆனா விரல் நுனியில உணர்ச்சி இன்னும் வரல. கண்ணாலதான் பிடிக்கிறேன்." அவர் யோசித்தார். மறுநாள் பயிற்சி ஆட்டத்தில் பாதி நேரம் நில், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அந்த ஆட்டம் முடிந்த சாயங்காலம், இரண்டாம் கீப்பராக, கையெழுத்துப் போட்டேன். ஆனால் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது.

முப்பதாவது நிமிடம் இருக்கும். எங்கள் அணியிலேயே பலமாக உதைப்பவன், பெனால்டிப் பெட்டிக்கு வெளியிலிருந்து முழு வேகத்தில் அடித்தான். இடது மேல் மூலை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு நான் பாய்ந்தேன். இரண்டு கையும் நீண்டு, விரல்கள் விரிந்து, பந்து முழுசாக அவற்றில் வந்து மோதியது. பிடித்துக்கொண்டே விழுந்தேன். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பந்தைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கக் கிடந்தேன்.

ஆட்டம் நின்றது. கிளப் மருத்துவர் ஐஸ் பையோடு ஓடிவந்தார். அவருக்கு முன்னால் பெஞ்சிலிருந்து பாய்ந்து வந்தவன் ஷிபு. என்னைப் புரட்டிப் போட்டு, கையுறையைப் பிடுங்கி எறிந்தான்.

"எந்தா சேட்டா? மரத்துப்போச்சா? சொல்லுங்க! மறைக்காதீங்க!"

"வலிக்குதுடா" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் வார்த்தை குழறியது. "விரல் நுனி. பத்தும். தீயா வலிக்குது!"

அவன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் வெறுங்கையைத் தன் கையோடு சேர்த்து உயரத் தூக்கி, மைதானமே கேட்கக் கத்தினான்: "சேட்டனுக்கு வலிக்குதாம்! வலிக்குதாம்!"

இரண்டு பேருக்கும் புத்தி பிசகிவிட்டதா என்று கோச் யாரையோ கேட்பது காதில் விழுந்தது. மருத்துவர் குழம்பிப்போய் ஐஸ் பையை நீட்டினார். நான் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் வலிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.